இருக்கிற இடத்திலேயே நல்ல வீடு: சென்னை வாரியக் குடியிருப்புகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் ஒரு வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில் வளர்ந்தேன். இப்போதும் அந்தப் பக்கம்தான் இருக்கிறேன். சாயங்காலமானால் யாராவது ஒரு மனுவையோ நோட்டீஸையோ எடுத்துக்கொண்டு வருவார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றில் அடிக்கடி வருபவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். வாரியக் குடியிருப்பில் இருப்பவர்களுக்கும், வெளியிலிருந்து பார்த்து "இவர்களுக்குத்தான் இலவசமாக வீடு கொடுக்கிறார்களே" என்று நினைப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஹவுசிங் போர்டு, குடிசை மாற்று வாரியம் இரண்டும் ஒன்றா?

இல்லை. பேச்சுவழக்கில் எல்லாவற்றையும் "அவுசிங் போர்டு" என்றுதான் சொல்கிறோம், ஆனால் இரண்டும் வேறு. 1961-ல் உருவான தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் பல வருமானப் பிரிவினருக்கும் வீடும் மனையும் விற்கிறது. குடிசைப் பகுதி மக்களுக்கென்றே 1970-ல், கலைஞர் முதல்வராக இருந்தபோது, தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்" என்ற அண்ணாவின் வாசகம் அதன் முழக்கமானது. 2021-ல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. இந்தப் பக்கத்தில் "வாரியம்" என்று வரும் இடமெல்லாம் இதைத்தான் சொல்கிறேன். மனு எழுதும்போது பெயரைச் சரியாக எழுதுங்கள். வேறு வாரியத்துக்குப் போன மனு திரும்பி வருவதற்குள் மூன்று மாதம் ஓடிவிடும்.

புதிதாக வீடுகள் கட்டிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? பழைய பிளாக்குகளைக் காப்பாற்ற வேண்டும் என்று ஏன் இவ்வளவு பேசுகிறீர்கள்?

பழைய பிளாக்குகள் நிற்கும் இடம் அப்படி. நொச்சிக்குப்பம் கடற்கரையில் இருக்கிறது. புளியந்தோப்பிலிருந்து சென்ட்ரலுக்கு நடந்தே போய்விடலாம். மயிலாப்பூர், சேத்துப்பட்டு, ராயபுரம் என்று ஊரின் நடுவிலேயே ஏழைகள் குடியிருக்க 1970-களில் இடம் ஒதுக்கி, நாலு மாடிக் கட்டடம் கட்டினார்கள். அந்த நிலத்தை இன்று விலை கொடுத்து வாங்கி ஏழைகளுக்கு வீடு கட்ட எந்த அரசாலும் முடியாது. ஒரு தடவை கைவிட்டுப் போனால் போனதுதான்.

2011 கணக்கெடுப்பின்படி சென்னை மாநகராட்சி எல்லைக்குள் குடிசைப் பகுதிகளில் இருந்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல், அதாவது நகர மக்களில் நூற்றுக்கு 29 பேர் வரை. மீன்பாடி வண்டி இழுப்பவர், வீட்டு வேலைக்குப் போகிறவர், மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர், தூய்மைப் பணியாளர், ராத்திரி ஷிஃப்ட் வாட்ச்மேன் எல்லாரும் இதில் வருவார்கள். இவர்களுக்கு வேலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வீடு இருப்பதே பாதிச் சம்பளத்துக்குச் சமம்.

எங்கள் பிளாக்கில் கீழ்வீட்டில் ஒரு அக்கா இருந்தார். மூன்று வீடுகளில் வேலை. காலை ஆறரைக்கு முதல் வீடு, பதினொன்றுக்குத் திரும்பி வந்து சமைத்து வைத்துவிட்டு, பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மறுபடி ஒரு வீடு. எல்லாம் நடந்து போகிற தூரம். ஊருக்கு வெளியே வீடு கிடைத்துக் குடும்பத்தோடு போனார். புது வீடு, டைல்ஸ் தரை, உள்ளேயே கழிப்பறை. முதல் மாதமே இரண்டு வீட்டு வேலை போய்விட்டது. ஆறரைக்கு அங்கே நிற்க வேண்டுமென்றால் நாலரைக்குப் பஸ் ஏற வேண்டும். மத்தியானம் வீட்டுக்கு வந்து போக வழியே இல்லை. மூன்று வருடம் கழித்து அந்த வீட்டை உள்வாடகைக்கு விட்டுவிட்டு, எங்கள் தெருவிலேயே ஒற்றை அறைக்கு வாடகை கொடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். "வாரிய வீட்டை விற்றுவிட்டு மறுபடி குடிசைக்கே வருகிறார்கள்" என்று பேசுபவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்க வேண்டும்.

கண்ணகி நகர், பெரும்பாக்கம் திட்டங்கள் தோல்வி என்கிறீர்களா?

அங்கே இருக்கிற மக்களைத் தோல்வி என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் ஊரின் நடுவிலிருந்து மக்களை மொத்தமாக ஒரு மூலைக்குக் கொண்டுபோனது தவறு என்று நினைக்கிறேன்.

நடந்தது இதுதான். 2000-ஆம் ஆண்டு வாக்கில் துரைப்பாக்கத்தை ஒட்டிக் கண்ணகி நகர் உருவானது. அங்கே மட்டும் 15,000 வீடுகளுக்கு மேல். 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, பக்கத்தில் எழில் நகர், அப்புறம் மத்திய அரசின் நகர்ப்புறத் திட்ட நிதியில் பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்களாக 20,000 வீடுகளுக்கு மேல். நிலம் மலிவாகக் கிடைத்தது அங்கேதான், அதனால் அங்கேயே கட்டிக்கொண்டே போனார்கள். ஒரே மாதிரி வருமானம் உள்ள ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஒரே இடத்தில் வைத்தார்கள். பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் ஆட்கள் வந்த பிறகே மெதுவாக வந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து நிறையக் குடும்பங்களை "வெள்ள ஆபத்து" என்று சொல்லி இங்கே அனுப்பினார்கள். பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் இருப்பதோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் பக்கம். மழைக்காலத்தில் அங்கேயும் தண்ணீர் நிற்கிறது.

கல்வியாண்டின் நடுவில் இடம் மாற்றியதால் படிப்பை விட்ட பிள்ளைகளை எனக்கே தெரியும். பிளஸ் டூ தேர்வுக்காக நாற்பது கிலோமீட்டர் போக வர இருந்த பிள்ளைகளும் உண்டு. விலாசத்தைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று சொந்தக்காரர் வீட்டு விலாசத்தை எழுதிய இளைஞர்கள் இருக்கிறார்கள்.

அதே கண்ணகி நகர்ப் பெண் பிள்ளைகள் கபடியில் கலக்குகிறார்கள். 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அன்றைக்கு எங்கள் தெருவிலும் சாக்லேட் கொடுத்தார்கள், ஏனென்றால் இங்கிருந்து போன குடும்பங்கள் அங்கே அத்தனை இருக்கின்றன. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது அந்தப் பகுதிப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று கேட்டுப் பாருங்கள். காசு மிச்சம். நேரம் மட்டும் மிச்சமாகவில்லை.

எங்கள் கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

திருவொற்றியூர் அரிவாக்குளம் வாரியக் குடியிருப்பில் 2021 டிசம்பர் 27 அன்று 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் அப்படியே சரிந்து விழுந்தது. கட்டி முப்பது வருடம்கூட ஆகாத கட்டடம். ஒரு உயிர்கூடப் போகவில்லை. காரணம், முந்தைய ராத்திரியே விரிசலைப் பார்த்த குடியிருப்புவாசிகள் ஒருவரை ஒருவர் எச்சரித்து வெளியே வந்துவிட்டார்கள். எந்த அதிகாரியின் கடிதமும் அவர்களைக் காப்பாற்றவில்லை. கண்ணால் பார்த்துத் தாங்களே முடிவெடுத்தார்கள்.

நீங்களும் பார்க்கலாம். கூரையில் துருப்பிடித்த பழுப்புக் கோடு நேர்கோடாக ஓடினால் உள்ளே கம்பி ஊதிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஒரு ரூபாய் நாணயத்தால் பூச்சைத் தட்டிப் பாருங்கள். "டக் டக்" என்றால் பரவாயில்லை, பானையைத் தட்டுவதுபோல் "டொப் டொப்" என்றால் பூச்சு விட்டுவிட்டது. கழிப்பறைக்குக் கீழே இருக்கும் வீட்டின் கூரையை முதலில் பாருங்கள், பெரும்பாலும் சேதம் அங்கேதான் தொடங்கும். அப்புறம் மாடிப்படிக்கு அடியில், சன்ஷேடுக்கு அடியில், பால்கனி சுவரோடு சேரும் இடத்தில். பூச்சில் மயிரிழை மாதிரி குறுக்கும் நெடுக்கும் ஓடும் கீறலுக்குப் பயப்பட வேண்டாம். தூணிலோ பீமிலோ விரல் நுழையும் விரிசல் வந்தால், அல்லது நேற்று மூடிய கதவு இன்று சட்டத்தில் இடித்து மூட மறுத்தால், அன்றைக்கே ஆட்களை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள். விரிசலுக்குக் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு வாரத்தில் கோடு விலகியிருந்தால் போட்டோ எடுத்து, தேதியோடு, வாரியத்தின் கோட்ட அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். போனில் சொன்னதுக்குச் சாட்சி இல்லை.

பழுது பார்த்தால் போதுமா, இடித்துத்தான் கட்ட வேண்டுமா?

கம்பி நன்றாக இருந்து பூச்சும் குழாயும் மட்டும் கெட்டிருந்தால் பழுது பார்க்கலாம். கழிவுநீர்க் குழாய் மாற்றுவது, மொட்டை மாடியில் தண்ணீர் இறங்காமல் தளம் போடுவது, தொட்டி மாற்றுவது, இவ்வளவையும் நேரத்தில் செய்திருந்தால் பல பிளாக்குகள் இன்னும் இருபது வருடம் நின்றிருக்கும். தூண்களே போய்விட்டால் மறுகட்டுமானம்தான் வழி. உப்புக் காற்றடிக்கும் கடற்கரைப் பக்கம் அது சீக்கிரமே வந்துவிடுகிறது.

அதை முடிவு செய்ய வேண்டியது கட்டமைப்புப் பொறியாளரின் அறிக்கை. அந்த அறிக்கையின் நகலைக் குடியிருப்போர் சங்கம் கேட்டு வாங்க வேண்டும். கொடுக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு.

இடித்தால் நாங்கள் எங்கே போவது? திரும்ப அதே இடத்தில் வீடு கிடைக்கும் என்று என்ன உத்தரவாதம்?

எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான். பயம் நியாயமானது. இடிப்பதற்கு முன் வாரியம் கணக்கெடுக்கும், கைரேகை எடுக்கும், டோக்கன் கொடுக்கும். வெளியே தங்குவதற்குக் குடும்பத்துக்கு 24,000 ரூபாய் கருணைத் தொகை. முன்பு இது 8,000 ஆக இருந்தது, உயர்த்தினார்கள், நல்லது. ஆனால் கட்டி முடிக்க இரண்டு வருடம் என்று வைத்தால் மாதத்துக்கு ஆயிரம் ரூபாய்தான் வருகிறது. எங்கள் பகுதியில் ஒற்றை அறைக்கே ஐயாயிரத்துக்குக் குறைந்து வாடகை இல்லை, அட்வான்ஸ் தனி. இரண்டு வருடம் மூன்றானால், நாலானால், கடன்தான். ஏழைக்குக் கொடுக்கும் வீட்டின் விலையில் ஒரு பகுதியை ஏழையே இப்படி வட்டியாகக் கட்டிவிடுகிறார். இந்தத் தொகையை மாத வாடகையாக, கட்டடம் முடியும்வரை, கொடுக்க வேண்டும் என்பதே என் கருத்து. கட்டுவதில் தாமதமானால் அதன் செலவு தாமதப்படுத்தியவர் தலையில் விழட்டும்.

வீட்டைக் காலி செய்யும் முன் சில காகிதங்கள் கையில் இருக்க வேண்டும். ஒதுக்கீட்டு ஆணையின் நகல், கடைசியாகத் தவணை கட்டிய ரசீது, மின் இணைப்பு அட்டை, ரேஷன் அட்டை, டோக்கன். டோக்கனில் பெயர், பழைய வீட்டு எண், பிளாக் எண் மூன்றும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே, அதிகாரி முன்னாலேயே பாருங்கள். எங்கள் வீட்டில் அம்மாவின் பெயரில் ஒரு எழுத்து மாறி அச்சானது. அதைச் சரிசெய்ய நான் ஏறி இறங்கிய படிகளை எண்ணவில்லை, ஆனால் எட்டு மாதம் ஆனது. இன்னொன்று, பிளாக்கில் உள்ள எல்லாக் குடும்பங்களின் பட்டியலையும் ஒரே தாளில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, சங்கத்திடம் ஒரு பிரதி, வாரியத்திடம் ஒரு பிரதி என்று வையுங்கள். வேறு வேறு தெருவுக்குச் சிதறிப் போன பிறகு, யார் யார் இருந்தோம் என்பதற்கு அந்தத் தாள்தான் சாட்சி.

பணம் கட்டச் சொல்கிறார்களே, இலவசம் இல்லையா?

முழு இலவசம் இல்லை. புதுக் குடியிருப்புகளுக்கு மத்திய அரசின் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்திலிருந்து ஒரு பங்கு (2015-ல் தொடங்கிய திட்டத்தில் இத்தகைய வீட்டுக்கு 1.5 லட்சம் ரூபாய்), மாநில அரசின் பங்கு, மீதி பயனாளியின் பங்கு. பயனாளிப் பங்கு இடத்துக்கு இடம் மாறும், ஒரு லட்சத்துக்கு மேல் கேட்ட இடங்களும் உண்டு. உங்கள் திட்டத்துக்கு எவ்வளவு என்பதை இடிப்பதற்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். சாவி கொடுக்கும் நாளில் முதல் தடவையாகத் தெரிந்துகொண்டால் கந்துவட்டிக்காரரிடம்தான் போக வேண்டியிருக்கும். தவணை வசதி, வங்கிக் கடன் ஏற்பாடு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நாட்டில் வேறெங்கும் சொந்தமாகக் கல்வீடு இருக்கக் கூடாது. வீடு குடும்பத் தலைவியின் பெயரிலோ கணவன் மனைவி இருவர் பெயரிலோ வரும். இந்த ஒரு விதியால் எத்தனையோ பெண்கள் நடுத்தெருவில் நிற்காமல் தப்பித்திருக்கிறார்கள்.

ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் இருக்கிறோம். இரண்டு வீடு கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. ஒரு ஒதுக்கீட்டுக்கு ஒரு வீடு. 1970-களில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த அறையில் இன்று மூன்றாம் தலைமுறை, பால்கனியை அடைத்து ஒரு மகன், வராந்தாவில் தாத்தா. கணக்கெடுப்பின்போது கூடுதல் குடும்பத்துக்குத் தனி ரேஷன் அட்டை, திருமணப் பதிவு, அதே விலாசத்தில் வாக்காளர் பட்டியல் எல்லாம் இருந்தால் கூடுதல் வீடு மிஞ்சும்போது கேட்க ஒரு ஆதாரம் இருக்கும். உறுதி சொல்ல மாட்டேன். மறுகட்டுமானத்தில் மாடி கூடி வீடுகளின் எண்ணிக்கை கூடும் இடங்களில், கூடுதல் வீடுகள் முதலில் அதே பிளாக்கின் இரண்டாம் குடும்பங்களுக்குப் போக வேண்டும் என்று சங்கம் தீர்மானம் போட்டுக் கேட்கலாம்.

ஒதுக்கீடு பெற்றவரிடம் உள்வாடகைக்கு, லீஸுக்கு இருக்கிறோம். எங்கள் கதி?

சட்டப்படி கை பலவீனம்தான். வீடு ஒதுக்கீடு பெற்றவருக்கே போகும். லீஸ் பணத்தை எழுத்தில் வாங்காமல் கொடுக்காதீர்கள் என்பதைத் தவிர வேறு நல்ல பதில் என்னிடம் இல்லை. ஏழைகளிலேயே ஏழை இவர்கள்தான், எந்தப் பட்டியலிலும் வருவதில்லை.

தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டம் உண்டு. எழுத்து ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்தால் அதில் பாதுகாப்பு உண்டு.

புது வீடு எவ்வளவு பெரியதாக இருக்கும்? உயரமான கட்டடமா?

பழைய வீடுகளில் 200 சதுர அடி என்பது சாதாரணம். 2015-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின் விதியில் நலிந்த பிரிவு வீட்டுக்கு உள்ளளவு 30 சதுர மீட்டர் வரை, அதாவது சுமார் 320 சதுர அடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, கழிப்பறை உள்ளேயே. ஐந்து பேர் வசிக்க இது நெருக்கம்தான், ஆனால் காலையில் பொதுக் கழிப்பறையில் வரிசையில் நின்ற எங்கள் அம்மாக்களுக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும் ஒரு கழிப்பறை எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

உயரம் பற்றி யோசிக்க வேண்டும். நாலு மாடி வரை படியேறிச் சமாளிக்கலாம். எட்டு, பத்து மாடி என்றால் லிஃப்ட் ஓடியாக வேண்டும், லிஃப்ட் ஓட மாதச் செலவு வேண்டும். இட்லி சுட்டு விற்கும் பெண் ஏழாவது மாடியில் எப்படி வியாபாரம் செய்வார்? மீன் வலை, தள்ளுவண்டி, இஸ்திரி மேசை எல்லாம் எங்கே வைப்பது? வரைபடம் போடும்போதே கீழ்த்தளத்தில் சின்னக் கடைகளுக்கும் வண்டிகளுக்கும் இடம் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும் நடக்க முடியாத முதியவர்களுக்கும் கீழ்த்தளம் கேட்டு, வீடு ஒதுக்கும் குலுக்கலுக்கு முன்பே மனு கொடுங்கள்.

புதுக் கட்டடம் தரமாக இருக்குமா? சுவரே உதிர்கிறது என்று பார்த்தோமே.

புளியந்தோப்பு கே.பி. பார்க் வாரியக் குடியிருப்பு விஷயத்தைச் சொல்கிறீர்கள். 2021 ஆகஸ்டில் அங்கே புதுக் கட்டடத்தின் பூச்சு கையால் தேய்த்தாலே கொட்டியது. குடிவந்தவர்கள் வீடியோ எடுத்துப் போட்டார்கள், ஊரே பார்த்தது. சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்கள் ஆய்வு செய்தார்கள், பொறியாளர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதன் பிறகுதான் வெளியாரை வைத்துத் தரச் சோதனை செய்வது பற்றிய பேச்சுக்கு வேகம் வந்தது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, கட்டும்போதே போய்ப் பார்க்க வேண்டும் என்பது. பழைய பிளாக்குக்கு நாலு பேர் வீதம் ஒரு குழு போட்டு மாதம் ஒரு தடவை வேலை நடக்கும் இடத்துக்குப் போங்கள். நம்மில் கொத்தனார் இல்லையா, சித்தாள் இல்லையா, கம்பி கட்டுபவர் இல்லையா? இந்த ஊரின் ஐ.டி. கட்டடங்களை எல்லாம் கட்டியவர்கள் இங்கேதான் குடியிருக்கிறார்கள். தளத்துக்குத் தண்ணீர் கட்டி வைத்திருக்கிறார்களா, பூச்சுக்கு எத்தனைக்கு எத்தனை கலவை போடுகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாததா.

கிரயப் பத்திரம் எப்போது கிடைக்கும்? தவணை எல்லாம் கட்டி முடித்துவிட்டோம்.

நூற்றில் அறுபது மனு இதுவாகத்தான் இருக்கும். தவணை முடிந்தும் பத்திரம் வராததற்குப் பெரும்பாலும் காரணம் நிலத்தின் கணக்கு. கட்டடம் வாரியத்துடையது, அடியில் உள்ள நிலம் மாநகராட்சிப் பெயரிலோ, பொதுப்பணித் துறைப் பெயரிலோ, கோயில் பெயரிலோ இருக்கும். அந்தத் துறை நிலத்தை வாரியத்துக்கு மாற்றிக் கொடுக்காதவரை வாரியத்தால் உங்களுக்கு எழுதித் தர முடியாது. கோப்பு ஒரு துறைக்கும் இன்னொரு துறைக்கும் நடுவில் வருடக்கணக்கில் கிடக்கும்.

முதலில் செய்ய வேண்டியது, உங்கள் குடியிருப்பின் சர்வே எண்ணை வைத்து அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று தாலுகா அலுவலகத்தில் பார்ப்பது. தனித்தனியாகக் கேட்பதைவிட மொத்தப் பிளாக்கும் சேர்ந்து, நிலமாற்றக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்று கேளுங்கள். பாக்கி இல்லை என்ற சான்றும் வாங்கி வையுங்கள். ஒதுக்கீடு பெற்றவர் இறந்துவிட்டால் வாரிசுச் சான்றிதழோடு பெயர் மாற்றத்தை உடனே செய்யுங்கள். தள்ளிப்போட்டால் வாரிசுகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும்.

பத்திரம் கையில் வந்தால் வீட்டை விற்றுவிடுவார்கள் என்று சிலர் தடுக்கப் பார்க்கிறார்கள். பத்திரத்தில் பிரிபடாத நிலப் பங்கு (மொத்த நிலத்தில் உங்கள் வீட்டுக்குரிய பங்கு) எழுதப்பட்டிருந்தால் அந்த இடத்தை வேறு உபயோகத்துக்கு மாற்றுவது அத்தனை எளிதல்ல. ஊரின் நடுவில் ஏழைகளின் நிலத்தைக் காக்க இதைவிடப் பலமான வேலி எனக்குத் தெரியவில்லை.

எங்களுடையது வாரியக் கட்டடம் இல்லை, குடிசைப் பகுதி. எங்களுக்கு ஏதாவது பாதுகாப்பு உண்டா?

உங்கள் பகுதி "அறிவிக்கப்பட்ட" குடிசைப் பகுதியா என்று பாருங்கள். 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு குடிசைப் பகுதிகள் சட்டத்தின் 3-ஆம் பிரிவின்படி அறிவிக்கப்பட்டால், அங்கே தண்ணீர், கழிவுநீர், விளக்கு, பாதை தருவதற்கு ஒரு பிடிமானம் வரும். 29-ஆம் பிரிவின்படி, உரிய அதிகாரியின் அனுமதி இல்லாமல் அங்கே இருப்பவரை வெளியேற்ற வழக்குப் போட முடியாது. நல்ல சட்டம். ஆனால் சென்னையில் 1971-ல் 1,202 பகுதிகளை அறிவித்தார்கள், 1985-ல் இன்னும் 17, அதோடு சரி. அதற்குப் பின் உருவான, ஆயிரக்கணக்கானோர் வாழும் பகுதிகள் எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் சேர்ப்பது முடியாத வேலை இல்லை. இத்தனை ஆட்சிகள் வந்து போனதில் யாரும் செய்யவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

நீர்நிலைப் புறம்போக்கு, நீதிமன்ற உத்தரவு என்று சொன்னால் ஒன்றும் செய்ய முடியாதா?

கடினம், ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. 1985-ல், மும்பை நடைபாதைவாசிகள் பற்றிய ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வாதாரம் என்பது உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வெளியேற்றவே கூடாது என்று சொல்லவில்லை. முறைப்படி அறிவித்து, குடியிருப்பவர்கள் தரப்பைக் கேட்க வேண்டும் என்றது. அதே காலத்தில் சென்னை நடைபாதை, குடிசை மக்களுக்காக, பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான கே. சந்துரு வழக்கறிஞராக இருந்தபோது தொடுத்த வழக்கும் உச்ச நீதிமன்றத்தில் முடிவானது.

2022 மே மாதத்தில் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் பக்கிங்காம் கால்வாய்க் கரை வீடுகளை இடித்தபோது, அங்கே குடியிருந்த ஒரு முதியவர் தீக்குளித்து இறந்துபோனார். பல பத்தாண்டுகளாக இருந்த இடம். அதன் பிறகு முதல்வர் ஸ்டாலின், அந்த மக்களுக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பக்கமே வீடு தரப்படும் என்று சட்டமன்றத்தில் சொன்னார். பக்கத்திலேயே கொடுக்க முடியும் என்றால் முதலிலேயே கொடுத்திருக்கலாம். அதற்கு ஒரு உயிர் போக வேண்டியிருந்தது.

நோட்டீஸ் வந்தால் தேதியைக் குறித்து, அன்றைக்கே சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், வழக்கறிஞர் இலவசம். மாற்று வீடு எங்கே, எத்தனை கிலோமீட்டரில், பிள்ளைகளின் கல்வியாண்டு முடியும்வரை அவகாசம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். 2021 அக்டோபரில் தமிழக அரசு மறுகுடியமர்வுக்கு ஒரு வரைவுக் கொள்கை வெளியிட்டது. மக்களிடம் பேசிவிட்டுத்தான் இடம் மாற்ற வேண்டும் என்ற பேச்சு அரசின் தாளிலேயே வந்தது. மனுவில் அதைச் சுட்டிக்காட்டலாம்.

கட்டடமே கட்டாமல் மனையாகக் கொடுத்தால் என்ன?

சென்னை அதைச் செய்து பார்த்து, நன்றாகவும் வந்தது. 1970-களின் கடைசியில் உலக வங்கிக் கடனோடு அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் சின்னச் சின்ன மனைகளாகப் பிரித்து, ரோடு, தண்ணீர், கழிவுநீர் போட்டுக் கொடுத்தார்கள். வெவ்வேறு அளவு மனை, வெவ்வேறு வருமானக்காரர்கள் அக்கம்பக்கத்தில். வீட்டை அவரவர் கையில் காசு வரும்போது கட்டிக்கொண்டார்கள். முதலில் ஓலை, அப்புறம் ஷீட்டு, மகன் வேலைக்குப் போனதும் தளம். அரும்பாக்கம் எம்.எம்.டி.ஏ. காலனியை இன்று பார்ப்பவர்கள் அது இப்படித் தொடங்கியது என்று நம்ப மாட்டார்கள். இருக்கும் குடிசைப் பகுதியைக் கலைக்காமல், அதே மண்ணில் வசதி செய்து உரிமையும் கொடுத்த திட்டமும் அப்போது இருந்தது. அதை ஏன் கைவிட்டோம் என்று யோசிக்கும்போதெல்லாம் மனசு அடித்துக்கொள்கிறது.

சிங்கப்பூர் மாதிரி செய்ய முடியாதா?

அங்கே வீட்டுவசதி வாரியம் 1960-ல் வந்தது. 1966-ல் நிலத்தைக் கையகப்படுத்தச் சட்டம், 1968-ல் தொழிலாளரின் சேமநிதியிலிருந்தே வீட்டுத் தவணை கட்ட அனுமதி. நிலத்தில் பெரும்பகுதி அரசிடம், வீடு 99 வருடக் குத்தகை. நம்மவர்கள் நிறையப் பேர் அந்த அடுக்குமாடிகளில்தான் இருக்கிறார்கள். கூலி வேலைக்காரருக்குச் சேமநிதியே இல்லாத நம் ஊரில் அதை அப்படியே கொண்டுவர முடியாது. எடுத்துக்கொள்ளக் கூடியது ஒன்று உண்டு. பழைய அடுக்குமாடிகளுக்கு அவர்கள் முறை வைத்துச் சுற்றிச் சுற்றிப் பராமரிப்பு செய்கிறார்கள், கூரையில் பெயரும் சிமெண்டைச் சரிசெய்கிறார்கள், லிஃப்ட் வைக்கிறார்கள். இடியும்வரை காத்திருப்பதில்லை.

பராமரிப்புக்கு மாதாமாதம் நாங்கள் பணம் கட்ட வேண்டுமா?

ஆமாம். பெரும்பாக்கம் போன்ற லிஃப்ட் உள்ள இடங்களில் 750 ரூபாய் வரை, படி ஏறும் குடியிருப்புகளில் 250 போல. 2022-லிருந்து "நம் குடியிருப்பு நம் பொறுப்பு" என்ற திட்டத்தில் குடியிருப்போர் சங்கம் பதிவு செய்து வசூலித்தால், அரசும் தன் பங்குக்குத் தருகிறது. சங்கம் வையுங்கள், வரவுசெலவைப் பலகையில் எழுதி மாடிப்படி அருகே மாட்டுங்கள். எங்கள் பிளாக்கில் அப்படி எழுதத் தொடங்கிய மாதத்திலிருந்துதான் எல்லாரும் பணம் கொடுக்கிறார்கள். ஆனால் குழாயும் பல்பும் நம் செலவு என்றால் தூணும் அடித்தளமும் வாரியத்தின் செலவு. இந்தக் கோட்டை எழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

அதிகாரிகள் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்ன கேட்க வேண்டும்?

ஆண்கள் மட்டும் போகாதீர்கள். தண்ணீர் பிடிப்பவர், பிள்ளையைப் பள்ளிக்கு விடுபவர், ராத்திரி மாடிப்படியில் பயந்து ஏறுபவர் பேச வேண்டும். வரைபடத்தை மேசையில் விரிக்கச் சொல்லுங்கள். கட்டி முடிக்கும் தேதி, தாமதமானால் வாடகை யார் தருவது, எங்கள் பங்கு எவ்வளவு, நிலம் யார் பெயரில், எல்லாருக்கும் இதே இடத்தில் வீடா, எத்தனை லிஃப்ட், ஜெனரேட்டர் உண்டா, துணி காய வைக்க இடம் எங்கே. சொன்ன பதில்களைக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லி, கையெழுத்தோடு நகல் வாங்கிவிட்டு எழுந்திருங்கள். நகல் நாளைக்குத் தருகிறோம் என்றால், பரவாயில்லை சார், இருந்து வாங்கிக்கொண்டே போகிறோம் என்று சொல்லுங்கள். தண்ணீர் பாட்டிலும் பிள்ளைகளுக்கு ஏதாவது சாப்பிடவும் எடுத்துக்கொண்டு போவது நல்லது.